புதிய கீல்பேக் பாம்பை எப்படி அடையாளம் காண்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்கு மாநிலங்களிலோ திபெத்திலோ புதிய பாம்பு இனம் கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம் என்னிடம் வந்து சேரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. பாம்பு பார்க்கும் நண்பர்களும் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் கேட்டவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பல, ஆம்ஃபியெஸ்மா என்ற பெரிய பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பு) 2014-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட நிகழ்விலிருந்து வருபவை. ஓர் இனத்தை அடையாளம் காண்பது ஒரு வேலை, அதை எந்தப் பேரினத்தில் வைப்பது என்று முடிவு செய்வது இன்னொரு வேலை. இந்த வேறுபாடு அந்த நிகழ்வில் நன்றாகப் புலப்படும்.

"கீல்பேக்னா என்ன பாம்பு? நம்ம ஊர்ல இருக்கா?"

தாராளமாக இருக்கிறது. குளத்திலும் வயலிலும் மீனையும் தவளையையும் துரத்தும் தண்ணிப் பாம்பு ஒரு கீல்பேக்தான். முதுகின் இரு பக்கமும் மஞ்சள் கோடு ஓட, நடுவில் கறுப்புக் குறுக்குப் பட்டைகளோடு புல்வெளியில் திரியும் சாதுவான சிறு பாம்பும் கீல்பேக்தான். பச்சை நிறத்தில், மழைக்காலத்தில் தேரைகளைத் தின்று திரிவது மூன்றாவது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வேறு சில இனங்களும் உண்டு.

முதுகுச் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு மெல்லிய முகடு ஓடும். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். ஆங்கிலப் பெயர் இந்த முகட்டைக் குறிப்பது. ஆசியா முழுவதும், இந்தியாவிலிருந்து ஜப்பான், இந்தோனேசியா வரை, இந்தக் கூட்டம் பரவியிருக்கிறது.

"அப்போ செதில்ல முகடு இருந்தா எல்லாமே கீல்பேக்கா?"

இல்லை. கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் செதில் முகடு இன்னும் கூர்மையாகவே இருக்கும். அவை முற்றிலும் வேறு குடும்பம். மறுபுறம், கீல்பேக்குகளின் நெருங்கிய உறவினர்களில் சிலவற்றுக்கு முகடே கிடையாது. வழவழப்பான செதிலோடு மண்ணுக்குள்ளும் ஈர இலைச்சருகுக்குள்ளும் வாழ்கின்றன.

எனவே முகடு ஒரு தொடக்கக் குறிப்பு மட்டும். கீல்பேக்குகளை ஒன்றாகக் கட்டுவது பொது மூதாதை. நாட்ரிசின்கள் எனப்படும் இந்தப் பெருங்கூட்டத்தில் ஐரோப்பாவின் புல்பாம்பும் வட அமெரிக்காவின் கார்ட்டர் பாம்புகளும் அடக்கம்.

"புது இனம்னா இதுவரை யாருமே பார்க்காத பாம்பா?"

பெரும்பாலும் அப்படி அல்ல. அந்தப் பகுதி மக்கள் அதைத் தலைமுறைகளாகப் பார்த்திருப்பார்கள். ஆய்வாளர்களே பிடித்து, தெரிந்த வேறோர் இனத்தின் பெயரை எழுதி, அருங்காட்சியகப் புட்டியில் போட்டிருப்பதும் உண்டு. "புதிய" என்பதற்கு அறிவியல் முறைப்படி இப்போதுதான் விவரிக்கப்பட்டு, பெயர் சூட்டப்பட்டது என்று பொருள்.

செய்தித் தலைப்புகளில் "கண்டுபிடிப்பு" என்று வருவதால் காட்டுக்குள் நடந்த ஒரு கணத்தைத்தான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். உழைப்பின் பெரும்பகுதி அதற்குப் பிறகு மேசையிலும் ஆய்வகத்திலும் நடப்பது.

"ஒரு பாம்பைப் பார்த்ததும் இது வேறன்னு எப்படி சந்தேகம் வருது?"

ஒரு பகுதியின் பாம்புகளைப் பல ஆண்டுகள் கையாண்டவருக்கு எது வழக்கமானது என்று தெரிந்திருக்கும். தலை வடிவம் கொஞ்சம் நீண்டிருக்கலாம், வால் உடலோடு ஒப்பிட அதிக நீளமாகப் படலாம், கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டிய கோடு இல்லாமல் இருக்கலாம். சில நேரம் பாம்பு சாதாரணமானதாகவே இருக்கும், இடம்தான் பொருந்தாது. சமவெளிப் பாம்பு என்று அறியப்பட்டது உயர்ந்த மலையில் கிடைத்தால் நின்று பார்க்க வேண்டியதுதான்.

சந்தேகம் வந்தபின் செய்யும் முதல் வேலை அது ஏற்கெனவே பெயர் பெற்றதா என்று பார்ப்பது. அந்தக் கூட்டத்தில் 1758-க்குப் பிறகு வெளியான ஒவ்வொரு பெயரையும், இன்று யாரும் பயன்படுத்தாத பெயர்கள் உட்பட, எடுத்து மூல விவரணையோடு ஒப்பிட வேண்டும். விலங்குப் பெயரிடலின் தொடக்க ஆண்டாக 1758-ஐ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. லின்னேயஸ் நம்முடைய மஞ்சள் கோட்டுக் கீல்பேக்குக்குப் பெயர் வைத்ததும் அதே ஆண்டில்தான்.

"செதிலை எண்ணுவாங்கன்னு சொல்றாங்களே, எதை எண்ணுவாங்க?"

முதலில் முதுகுச் செதில் வரிசைகள். உடலைச் சுற்றி ஒரு பக்க வயிற்றுச் செதிலிலிருந்து மறுபக்கம் வரை எண்ணுவார்கள். கழுத்தில் தலை நீள அளவு தள்ளி ஒருமுறை, உடலின் நடுவில் ஒருமுறை, மலத்துளைக்குத் தலை நீள அளவு முன்னால் ஒருமுறை. அதனால்தான் ஆய்வுக்கட்டுரைகளில் 19-19-17 என்பது போல மூன்று எண்கள் வரும். தண்ணிப் பாம்புக்கும் மஞ்சள் கோட்டுக் கீல்பேக்குக்கும் நடுவுடலில் 19 வரிசை. பல மலைக் கீல்பேக்குகளும் இதே எண்ணைக் கொண்டவை. ஆகவே இந்த ஓர் எண்ணை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்து வயிற்றுச் செதில்கள். கழுத்திலிருந்து மலத்துளை வரை ஒன்றன்பின் ஒன்றாக அகலமாக அடுக்கியிருப்பவை. எந்தச் செதிலிலிருந்து தொடங்குவது என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபட்டதால், 1951-இல் டௌலிங் ஒரு முறை வகுத்தார்: இரு பக்கமும் முதுகுச் செதிலின் முதல் வரிசையைத் தொடும் செதிலே முதலாவது. இந்த விதி சிறியதாகத் தோன்றும். ஆனால் இரண்டு ஆய்வாளர்களின் எண்களை ஒப்பிட வேண்டுமானால் இருவரும் ஒரே இடத்தில் தொடங்கியிருக்க வேண்டும்.

பிறகு வாலடிச் செதில்கள், மேலுதட்டுச் செதில்கள், அவற்றில் எவை கண்ணைத் தொடுகின்றன, கண்ணுக்கு முன்னும் பின்னும் எத்தனை, பொட்டுப் பகுதியில் எத்தனை என்று நீளும். கீல்பேக்குகளுக்கு வாலடிச் செதில்கள் பொதுவாக இரட்டை இரட்டையாக இருக்கும். காசி மலைகளிலிருந்து ஃபிராங்க் வால் 1907-இல் விவரித்த ஸெனூரா என்ற இனத்துக்கு மட்டும் ஒற்றையாக இருந்தன. தலைகீழாகத் திருப்பிய உடனே தெரிந்துவிடும். இவ்வளவு தெளிவான அடையாளம் கிடைப்பது அரிது. ஆணுக்கும் பெண்ணுக்கும் எண்ணிக்கை மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆணின் வால் நீளம், வாலடிச் செதிலும் கூடுதல். ஓர் இனத்தின் ஆணை இன்னோர் இனத்தின் பெண்ணோடு ஒப்பிட்டு "வேறுபாடு இருக்கிறது" என்று சொன்னால் அது செல்லாது.

"இவ்வளவு எதுக்கு? நிறத்தையும் கோட்டையும் பார்த்தாலே தெரியாதா?"

தெரிந்த இனங்களைக் களத்தில் அடையாளம் காண நிறம் உதவும். தண்ணிப் பாம்பின் கண்ணிலிருந்து உதட்டை நோக்கிச் சாய்வாக இறங்கும் இரண்டு கறுப்புக் கோடுகளைப் பார்த்தாலே எனக்குப் போதும்.

புதிய இனத்தை நிலைநாட்ட அது போதாது. அதே தண்ணிப் பாம்பு ஓரிடத்தில் சதுரங்கக் கட்டம் போட்டது போலவும் இன்னோரிடத்தில் கட்டமே இல்லாமல் வெளிறியும் இருக்கும். மஞ்சள் கோட்டுக் கீல்பேக்கில் செதில்களுக்கு இடைப்பட்ட தோல் சிலவற்றில் வெளிர்நீலமாகவும் சிலவற்றில் சிவப்பாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே இனம். குட்டியின் நிறம் வளர்ந்தபின் மாறும். போதாக்குறைக்கு, சாராயத்தில் வைத்த உடலில் பச்சையும் மஞ்சளும் சில காலத்தில் போய்விடும். அதனால்தான் உயிரோடிருக்கும்போதே நிறத்தை எழுதியும் படமெடுத்தும் வைக்கிறார்கள்.

"பல்லைப் பார்க்கிறது சரி. ஆண் உறுப்பை எதுக்குப் பார்க்கணும்?"

பாம்புகளுக்கு வெளித்தோற்றம் வாழ்விடத்துக்கு ஏற்ப வேகமாக மாறக்கூடியது. தண்ணீரில் வாழும் இரண்டு தொலைதூர உறவினர்கள் ஒன்றுபோலத் தோன்றலாம். உள்ளுறுப்புகளில் சில அவ்வளவு எளிதில் ஒன்றுபோல ஆவதில்லை. ஆண் பாம்புக்கு உறுப்பு இரண்டு இருக்கும். ஒவ்வொன்றும் ஒற்றை மடலா, நுனியில் இரு மடலா, அதன் மேல் ஓடும் பள்ளம் ஒன்றாகவே போகிறதா, இரண்டாகக் கிளைக்கிறதா, முட்கள் எங்கே என்பவை உறவுமுறையைப் பற்றிப் பேசுபவை.

மேல்தாடைப் பற்களும் அப்படியே. சில பேரினங்களில் பற்கள் பின்னோக்கிப் படிப்படியாகப் பெரிதாகும். ரப்டோஃபிஸ் பேரினத்தில் கடைசிப் பற்கள் திடீரென்று பெரிதாக நிற்கும். மால்கம் ஸ்மித் 1943-இல் இந்தியப் பாம்புகளைத் தொகுத்தபோது நம் கீல்பேக்குகள் பெரும்பாலும் நாட்ரிக்ஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் இருந்தன. 1960-இல் எட்மண்ட் மால்நேட் அந்தப் பேரினத்தைப் பிரித்து ஆம்ஃபியெஸ்மா, ரப்டோஃபிஸ் ஆகியவற்றைத் தனியாக நிறுத்தியது இத்தகைய உறுப்புகளின் அடிப்படையில்தான்.

"டி.என்.ஏ. எடுத்தா ஒரே நாள்ல தெரிஞ்சிடாதா?"

டி.என்.ஏ. எதனோடு ஒப்பிடப்படுகிறது என்பதுதான் கேள்வி. புதிய பாம்பின் டி.என்.ஏ. வரிசையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதன் உறவினர்கள் அனைவரின் வரிசைகளும் வேண்டும். நூறாண்டுக்கு முன் இரண்டே உடல்கள் கிடைத்து, பிறகு யாரும் பார்க்காத இனங்களின் வரிசை எங்கே கிடைக்கும்? ஃபார்மலினில் பதப்படுத்திய பழைய உடல்களிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது மிகக் கடினம். பொதுத் தரவுத்தளங்களில் உள்ள வரிசைகளில் சில தவறான பெயரோடு ஏற்றப்பட்டவை. அந்த வரிசைக்குரிய உடல் ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தால் மட்டுமே பெயரைச் சரிபார்க்க முடியும்.

இன்னொன்று: உயிரணுவுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு தாய்வழி மட்டும் வருவது. இரண்டு இனங்கள் எப்போதோ கலந்திருந்தால் அது தவறான உறவைக் காட்டக்கூடும். எனவே உயிரணுவின் உட்கருவில் உள்ள மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

"எத்தனை சதவீதம் வேறுபட்டா வேற இனம்? ஏதாவது கணக்கு இருக்கா?"

எல்லாப் பாம்புக்கும் பொதுவான எண் கிடையாது. ஒரே எண்ணைக் கோடாகக் கிழித்தால், நெடுங்காலம் பிரிந்து கிடந்த ஒரே இனத்தின் இரண்டு கூட்டங்கள் இரண்டு இனமாகிவிடும். அண்மையில் பிரிந்த உண்மையான இரண்டு இனங்கள் ஒன்றாகிவிடும்.

என் பார்வையில் நல்ல ஆய்வுக்கட்டுரை என்பது தனித்தனியான சான்றுகள் ஒரே முடிவுக்கு வந்து சேர்வதைக் காட்டுவது. மரபணுக்களை ஒப்பிட்டு வரையும் உறவு மரத்தில் தனிக் கிளை, அதோடு செதில் எண்ணிக்கையிலோ பல்லிலோ நிலையான வேறுபாடு, அதோடு வாழ்விடத்திலும் ஒரு பிரிவு. மரபணு வேறுபாட்டை மட்டும் காட்டி, "உருவத்தில் பிரிக்க முடியவில்லை" என்று எழுதும் கட்டுரையை உடனே ஒதுக்கவும் வேண்டாம், உடனே ஏற்கவும் வேண்டாம்.

"ஆம்ஃபியெஸ்மாவை ஏன் பிரிச்சாங்க? நல்லாத்தானே இருந்தது?"

நாற்பதுக்கும் மேற்பட்ட ஆசியக் கீல்பேக்குகள் அந்தப் பெயரில் இருந்தன. இந்தியா, சீனா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியா என்று பரந்த கூட்டம். 2014-இல் பெங் குவோவும் அவருடைய குழுவும் மைட்டோகாண்ட்ரியா, உட்கரு இரண்டின் மரபணுக்களையும் வைத்து உறவு மரம் வரைந்தபோது இவை ஒரே கிளையில் நிற்கவில்லை. மூன்று தனிக் கிளைகளாகச் சிதறின, இடையிடையே வேறு பேரினங்கள் வந்து நின்றன. ஒரு பேரினம் என்றால் ஒரு மூதாதையும் அதன் வழித்தோன்றல்கள் அனைவரும் அதில் இருக்க வேண்டும். பங்காளியை வெளியே நிறுத்திவிட்டு அயலாரைக் குடும்ப அட்டையில் எழுதியது போன்ற நிலை இருந்தது. அதைத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

இங்கே ஒரு விதி வேலை செய்கிறது. ஒவ்வொரு பேரினப் பெயரும் ஓர் இனத்தோடு பிணைக்கப்பட்டது. அதை மாதிரி இனம் என்கிறோம். ஆம்ஃபியெஸ்மாவின் மாதிரி இனம் நம் மஞ்சள் கோட்டுக் கீல்பேக், ஸ்டோலேட்டம். மரத்தில் அது மற்றவற்றோடு சேராமல் தனியே போய்விட்டது. அதனால் பெயர் அதனோடு போனது. நாற்பதுக்கு மேல் உறுப்பினர்கள் இருந்த பேரினத்தில் இப்போது இந்த ஒன்றே மீதம். நம் வயல்வரப்பில் ஓடும் பாம்பு, பேர் மாறாமல் நின்றது.

மற்றவற்றுக்குப் புதிய பெயர் உருவாக்கவில்லை. பழைய நூல்களில் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த இரண்டு பெயர்களை எடுத்தார்கள். பெரிய கூட்டத்துக்கு 1913-இல் தாம்ப்சன் வைத்த ஹெபியஸ். இமயமலைப் பக்கத்துச் சிறிய கூட்டத்துக்கு 1860-இல் குந்தர் வைத்த ஹெர்பெடோரியாஸ். முன்னால் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெடோம் கீல்பேக்கும் அப்போது ஹெபியஸுக்குள் போனது.

"அதே ஆய்வுல புது இனமும் வந்ததே, அது எது?"

ஹெர்பெடோரியாஸ் பர்பிரிங்கி. தென்கிழக்குத் திபெத்தின் சாயூ பகுதியிலிருந்து வந்தது. அமெரிக்கப் பாம்பியலாளர் ஃபிராங்க் பர்பிரிங்கின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

இது ஏன் முக்கியம் என்றால், இந்தப் பாம்பைப் பழைய முறையில் விவரித்திருந்தால் ஆம்ஃபியெஸ்மாவில் இன்னொன்று என்று முடிந்திருக்கும். மரத்தில் அது இமயமலைக் கிளையில் விழுந்தது. சீபோல்டி, பிளாட்டிசெப்ஸ் ஆகிய இமயமலைப் பாம்புகளோடு சேர்த்து அதை வைத்தார்கள். புதிய இனம் என்ற அறிவிப்பும் அது எந்தப் பேரினம் என்ற முடிவும் ஒரே கட்டுரையில் வந்தாலும், இரண்டும் தனித்தனிக் கூற்றுகள். முதலாவது சரியாக இருந்து இரண்டாவது பின்னர் மாறலாம். அடுத்த பதில் அதற்குச் சான்று.

"அஸ்ஸாம்ல நூறு வருஷத்துக்கு மேல காணாமப் போன பாம்பு ஒண்ணு திரும்பக் கிடைச்சுதாமே?"

ஆம், பீல் கீல்பேக். சாமுவேல் எட்வர்ட் பீல் என்ற தேயிலைத் தோட்டக்காரர் மேல் அஸ்ஸாமின் சிப்சாகர் பகுதியில் இரண்டு ஆண் பாம்புகளைப் பிடித்தார். 1891-இல் ஸ்கிளேட்டர் அவற்றை விவரித்து, பீலின் பெயரைச் சூட்டினார். ஓர் உடல் கொல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வு மையத்திலும் மற்றது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் தங்கின. அதன் பிறகு யாரும் அதைப் பார்த்ததாகப் பதிவில்லை.

2018-இல் டேராடூனின் இந்திய வனஉயிரின நிறுவனத்தைச் சேர்ந்த அபிஜித் தாஸும் குழுவினரும் 1911-12-இல் ஆங்கிலேயர் அபோர் மக்கள் மீது நடத்திய படையெடுப்பு சென்ற வழியைப் பின்தொடர்ந்து போனபோது, அஸ்ஸாம்-அருணாசல எல்லையை ஒட்டிய போபா காப்புக்காட்டில் ஒரு பெண் பாம்பு கிடைத்தது. கொல்கத்தா, லண்டன் உடல்களோடு ஒப்பிட்டு அது பீல் கீல்பேக்தான் என்று உறுதி செய்தார்கள். 2020-இல் அந்த ஆய்வு வெளியானபோது விவரிக்கப்பட்டு 129 ஆண்டுகள் ஆகியிருந்தன.

முதன்முறையாக அதன் டி.என்.ஏ.வும் கிடைத்தது. 2014-இல் உருவ அடிப்படையில் ஹெபியஸில் வைத்திருந்த பாம்பு, மரத்தில் ஹெர்பெடோரியாஸோடு நின்றது. 1891 முதல் அது கடந்து வந்த பேரினங்களைப் பாருங்கள்: ட்ரோபிடோனோட்டஸ், நாட்ரிக்ஸ், ஆம்ஃபியெஸ்மா, ஹெபியஸ், இப்போது ஹெர்பெடோரியாஸ். பேரினம் நான்கு முறை மாறியது. இனம் என்ற கூற்று ஒருமுறைகூட அசையவில்லை. 2022-இல் மிசோரத்தின் முர்லென் பகுதியிலிருந்து ஹெர்பெடோரியாஸ் முர்லெனும், திபெத்திலிருந்து மற்றொன்றும் சேர்ந்தன. மேலே சொன்ன ஒற்றை வாலடிச் செதில் ஸெனூராவும் இப்போது இதே பேரினத்தில்.

"ஒரே ஒரு பாம்பை வெச்சு புது இனம்னு அறிவிக்கலாமா?"

விதி அனுமதிக்கிறது. அருணாசலப் பிரதேசத்தின் பாசர் பகுதியில் கிடைத்த ஒரே உடலை வைத்து ஜெயாதித்ய புர்காயஸ்தாவும் பாரிசைச் சேர்ந்த பேட்ரிக் டேவிட்டும் 2019-இல் ஹெபியஸ் லாக்ரிமாவை விவரித்தார்கள். கண்ணுக்குக் கீழே கண்ணீர்த்துளி போன்ற கறுப்புப் புள்ளி அதற்கு.

ஓர் உடலில் குறை என்ன என்றால், அந்த இனத்துக்குள் எவ்வளவு மாறுபாடு உண்டு என்று தெரியாது. ஆணுக்குச் சொன்னது பெண்ணுக்குப் பொருந்துமா என்றும் தெரியாது. ஆனால் வேறுபாடுகள் பலவாகவும், உறவினரின் எல்லைகளுக்கு வெகு வெளியேயும் இருந்தால், இரண்டாவது கிடைக்கும்வரை காத்திருப்பது அந்தக் காட்டுக்கு நல்லதல்ல. பெயரில்லாத பாம்புக்காக யாரும் ஒரு காட்டைக் காக்கச் சொல்லிக் கேட்க முடியாது.

"போட்டோ, டி.என்.ஏ. ரெண்டும் போதாதா? அந்தப் பாம்பை ஏன் கொல்லணும்?"

இது எல்லோரும் வருத்தத்தோடு கேட்கும் கேள்வி, கேட்கவும் வேண்டும். பெயரைத் தாங்கும் முதன்மை மாதிரி, அதாவது ஹோலோடைப், பின்னால் வருகிறவர் திரும்பப் பார்ப்பதற்காக இருப்பது. பீல் பிடித்த இரண்டு உடல்களும் புட்டியில் இல்லாவிட்டால் 2018-இல் கிடைத்த பெண் பாம்பு எது என்று யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. 1891-இல் யாரும் கேட்க நினைக்காத கேள்விகளுக்கும் அந்த உடல்கள் பதில் சொல்கின்றன.

படத்தை மட்டும் நம்பிப் பெயர் வைத்த காலமும் உண்டு. தண்ணிப் பாம்பின் பிஸ்கேட்டர் என்ற பெயரை ஷ்னைடர் 1799-இல் வைத்தது, சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிப் பேட்ரிக் ரஸ்ஸல் 1796-இல் வெளியிட்ட வண்ணப் படத்தைப் பார்த்து. படத்தில் செதிலை எண்ண முடியாது, பல்லைப் பார்க்க முடியாது. பின்னால் அந்தக் கூட்டத்தில் பல இனங்கள் இருப்பது தெரியவந்தபோது எது உண்மையான பிஸ்கேட்டர் என்பதே பெரிய சிக்கலாயிற்று. அதே வேளை, எடுப்பதற்கு வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும், தேவைக்கு மேல் ஒன்றுகூட எடுக்கக் கூடாது. சாலையில் அடிபட்ட உடலே போதும் என்றால் அதுவே சிறப்பு.

"பேர் வைக்க யார்கிட்ட அனுமதி வாங்கணும்?"

யாரிடமும் இல்லை. விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பு என்ன கேட்கிறதோ அதை நிறைவேற்றினால் பெயர் செல்லும். மற்ற இனங்களிலிருந்து பிரிக்கும் பண்புகளைச் சொல்ல வேண்டும். முதன்மை மாதிரியைக் குறிப்பிட்டு அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்று எழுத வேண்டும். முறைப்படி வெளியிட வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரைகளை 2012 முதல் விதி ஏற்கிறது. ஆனால் அவை விலங்குப் பெயர்களுக்கான ஜூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும்.

பெயர் செல்லும் என்பது வேறு, இனம் ஏற்கப்படும் என்பது வேறு. இரண்டாவதை எந்தக் குழுவும் வாக்கெடுத்து முடிவு செய்வதில்லை. பின்னால் வரும் ஆய்வாளர்கள் சான்றைச் சோதித்துப் பயன்படுத்துகிறார்கள், அல்லது கைவிடுகிறார்கள்.

"நான் காலேஜ்ல படிச்சப்ப தண்ணிப் பாம்பு ஸீனோக்ரோஃபிஸ். இப்ப ஃபௌலியாங்கறாங்க. எது சரி?"

இன்று ஃபௌலியா பிஸ்கேட்டர். காரணம் ஆம்ஃபியெஸ்மாவில் சொன்னதேதான். ஸீனோக்ரோஃபிஸ் பேரினத்தின் மாதிரி இனம் செராசோகாஸ்டர் என்ற வேறொரு பாம்பு. 2018-இல் புர்காயஸ்தாவும் குழுவும் அதன் மரபணுவை எடுத்துப் பார்த்தபோது தண்ணிப் பாம்புக் கூட்டம் அதனோடு சேரவில்லை. 1868-இல் தியோபால்டு வைத்த ஃபௌலியா என்ற பெயர் மீண்டும் வழக்குக்கு வந்தது. பழைய நூலில் உள்ள பெயர் அன்றைய சான்றுக்குச் சரியானது. தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

"குடும்பம் நாட்ரிசிடேவா கொலுப்ரிடேவா?"

இரண்டும் எழுதப்படுகின்றன. சிலர் நாட்ரிசின்களைக் கொலுப்ரிடேவின் துணைக்குடும்பமாக வைக்கிறார்கள், சிலர் தனிக் குடும்பமாக. அவற்றின் உறவு பற்றி இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தக் கிளைக்கு எந்தப் படிநிலை கொடுப்பது என்பதில் மட்டும்தான். தேர்வு எழுதுபவர்கள் தங்கள் பாடநூல் சொல்வதை எழுதுங்கள்.

"கீல்பேக் எல்லாம் விஷமில்லாததுதானே? இனம் தெரிஞ்சு ஆகப்போறது என்ன?"

நம் தண்ணிப் பாம்பாலும் மஞ்சள் கோட்டுக் கீல்பேக்காலும் உயிருக்கு ஆபத்தில்லை. கழுத்தைத் தட்டையாக்கி எழும்பும் தண்ணிப் பாம்பை நாகம் என்று நினைத்து அடித்துக் கொல்வது இன்றும் நடக்கிறது. நெஞ்சு பதறுகிறது.

ஆனால் ரப்டோஃபிஸ் பேரினத்தில் நிலைமை வேறு. அதைச் சேர்ந்த, ஜப்பானின் யமகாகாஷி என்ற பாம்பின் பின்பற்கள் ஆழப் பதிந்தால் இரத்தம் உறையாமல் போகும். இறப்புகள் நேர்ந்திருக்கின்றன, அங்கே அதற்கென்று நச்சுமுறி மருந்தே தயாரித்தார்கள். தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் கழுத்துக் கீல்பேக்கும் அப்படிப்பட்டது. நம் நாட்டு நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் தயாரானது, இதற்கு அல்ல. இந்தப் பேரினத்தில் பலவற்றுக்குக் கழுத்தில் நச்சுச் சுரப்பிகளும் உண்டு. யமகாகாஷி தான் தின்னும் தேரைகளின் நஞ்சை அவற்றில் சேமிப்பதை 2007-இல் நிறுவினார்கள். எனவே வடகிழக்கில் பணிபுரியும் மருத்துவருக்கும் பாம்பு மீட்பவருக்கும் "ஏதோ ஒரு கீல்பேக்" என்ற பதில் போதாது. பேரினமாவது தெரிய வேண்டும்.

"எங்க தோட்டத்துல தெரியாத கீல்பேக் ஒண்ணு பார்த்தேன். புதுசா இருக்குமா? என்ன செய்யணும்?"

பிடிக்க வேண்டாம், கொல்ல வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் முன்பின் தெரியாத பாம்பைக் கையில் எடுப்பது தவறு. தள்ளி நின்று படமெடுங்கள். முழு உடல் ஒன்று, தலையின் பக்கவாட்டில் கண்ணும் உதட்டுச் செதில்களும் தெளிவாகத் தெரிய ஒன்று, தலையின் மேற்புறம் ஒன்று. இடம், தேதி, நேரம், நீர்நிலையா காடா என்பதை எழுதி வையுங்கள். இறந்து கிடந்தால் வயிற்றுப்புறமும் வாலின் அடிப்புறமும் படத்தில் வரட்டும். இதை வனத்துறையிடமோ பாம்புகளை ஆய்வு செய்யும் கல்லூரித் துறையிடமோ கொடுங்கள்.

பெரும்பாலும் அது தெரிந்த இனத்தின் வேறு நிறமாகவே இருக்கும். அதுவும் பயனுள்ள பதிவுதான்.

"நாளைக்கு யாராவது வந்து இது தனி இனமே இல்லைன்னு சொன்னா அந்தப் பேர் என்ன ஆகும்?"

அழியாது. முன்னால் வைத்த பெயரின் கீழ் இணைப்பெயராகப் பட்டியலில் இருக்கும், வேறு பாம்புக்கு அதே பேரினத்தில் அந்தப் பெயரைத் திரும்ப வைக்க முடியாது. பின்னர் வரும் ஆய்வு அதை மீண்டும் எழுப்பவும் கூடும். அந்தமான் தீவுகளின் தண்ணிப் பாம்புக்கு எட்வர்ட் பிளைத் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டைட்லெரி என்று பெயர் வைத்தார். நெடுங்காலம் அதை வேறு இனங்களோடு சேர்த்தே எண்ணினார்கள். 2012-இல் கெர்னாட் வோகலும் பேட்ரிக் டேவிட்டும் பல நாடுகளின் அருங்காட்சியக உடல்களை ஒப்பிட்டு, அந்தமான் பாம்பு தனி இனமே என்று காட்டினார்கள். புதுப்பெயர் தேவைப்படவில்லை, இப்போது அது ஃபௌலியா டைட்லெரி.